அப்டேட்டுக்குப் பிறகு சார்ஜ் நிற்கவில்லையா? முதலில் மூன்று நாள் பொறுங்கள்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி பயிரிடும் என் பெரியப்பாவுக்குக் கைப்பேசி பொழுதுபோக்குச் சாமான் அல்ல. காலையில் மண்டியில் கூடை என்ன விலைக்குப் போனது என்று அதில்தான் விசாரிப்பார். மும்முனை மின்சாரம் வந்ததும் கிணற்று மோட்டாரைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அதில்தான் ஓட்டுவார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. அந்த எண்ணை அழைத்தால் மோட்டார் ஓடும். ஒருநாள் இரவு, புதிய பதிப்பு தயார் என்று வந்த அறிவிப்பை அழுத்திவிட்டுப் படுத்தார். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் கைப்பேசி அணைந்து கிடந்தது. "ஊசி போட்டதும் காய்ச்சல் வந்த கதையாகிவிட்டதடா" என்று பக்கத்து வீட்டு எண்ணிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

அவர் எரிச்சலில் சொன்னது பொருத்தமான உவமை. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் ஓரிரு நாள் உடம்பு சுடும். அதற்காக யாரும் பதறிக்கொண்டு ஓடுவதில்லை. மூன்றாம் நாளும் சுட்டால்தான் மருத்துவரிடம் போகிறோம். கைப்பேசிக்கும் இதே கணக்குதான். ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் நாளே பத்து இடத்தில் கை வைத்து, பத்துப் பேர் சொன்ன பத்து வைத்தியத்தையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறார்கள். பிறகு எது நோய், எது மருந்து என்று யாருக்கும் தெரிவதில்லை.

கைப்பேசியைப் பயன்படுத்தத் தெரியும், ஆனால் அதன் செட்டிங்ஸுக்குள் நுழையக் கை கூசும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் ஆண்ட்ராய்டை வைத்தே சொல்கிறேன். ஐபோனில் மாறுபடும் இடத்தில் குறிப்பிடுகிறேன். கைப்பேசியின் மொழி தமிழாக இருந்தால், செட்டிங்ஸ் என்று நான் எழுதும் இடத்தில் 'அமைப்புகள்' என்று இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரே கதவுக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பெயர் சற்று மாறியிருந்தால் மலைக்க வேண்டாம். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'பேட்டரி' என்று தட்டினால் போதும்.

முதல் மூன்று நாள்: கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

வீடு மாற்றும்போது லாரியிலிருந்து சாமான் இறங்க அரை நாள் போதும். மிளகாய்த்தூள் டப்பா எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிய நான்கு நாள் ஆகும். அப்டேட்டும் அப்படித்தான். திரையில் நூறு சதவீதம் வந்து கைப்பேசி அணைந்து எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே அப்போதுதான் சாமான் அடுக்கத் தொடங்குகிறது.

என்னென்ன அடுக்குகிறது? ஆண்ட்ராய்டில் நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு செயலியையும் புதிய பதிப்புக்கு ஏற்றவாறு மீண்டும் பதப்படுத்தி வைக்க வேண்டும். படங்களை எல்லாம் திரும்ப ஒருமுறை புரட்டி, யார் முகம் எதில் இருக்கிறது என்று வகைப்படுத்த வேண்டும். தேடினால் உடனே கிடைப்பதற்கான அட்டவணையைப் புதிதாக எழுத வேண்டும். இதற்கிடையே புதிய பதிப்புக்கு ஏற்ப செயலிகளும் ஒவ்வொன்றாகத் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். இத்தனையும் நடக்கும்போது கைப்பேசி லேசாகச் சுடும், சார்ஜ் இறங்கும். அப்டேட் செய்த பின் சில நாள் பேட்டரி குறைவாக நிற்கலாம், பின்னணி வேலைகள் முடிந்ததும் சரியாகிவிடும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. ஐநூறு படம் வைத்திருப்பவருக்கு ஒரே இரவில் முடிகிற வேலை, பேத்தியின் காதுகுத்துப் படங்கள் மட்டும் மூவாயிரம் வைத்திருப்பவருக்கு மூன்று நாள் இழுக்கும்.

இந்த வேலைகளில் கனமானவற்றை, சார்ஜரில் மாட்டி யாரும் தொடாமல் இருக்கும் நேரத்தில்தான் கைப்பேசி செய்யும். ஆகவே அந்த நேரத்தை அதற்குக் கொடுங்கள். இரண்டு இரவு, வைஃபை இருந்தால் வைஃபையோடு, இல்லாவிட்டால் மொபைல் டேட்டாவைத் திறந்து வைத்து, சார்ஜில் மாட்டிவிட்டுத் தூங்குங்கள். தலையணைக்கு அடியில் அல்ல, காற்றுப்படும் மேசையில்.

மூன்று நாள் பொறுக்கச் சொல்வதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கைப்பேசியின் முதுகு உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு இடைவெளி தெரிந்தாலோ, பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ பொறுக்கக் கூடாது. சார்ஜரைக் கழற்றி, அணைத்து வைத்து, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். உப்பிய பேட்டரியை அமுக்கிப் பார்ப்பதும் குத்திப் பார்ப்பதும் தீயில் கொண்டுபோய் விடும்.

இந்தக் காத்திருப்பில் செய்யத் தக்க சிறிய வேலைகள் மூன்றுதான். கைப்பேசியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிளே ஸ்டோரில் மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, எல்லாச் செயலிகளையும் புதுப்பியுங்கள். புதிய பதிப்பில் பழைய செயலி தடுமாறிக்கொண்டே இருப்பது சார்ஜ் இறங்க அடிக்கடி காணும் காரணம். மூன்றாவதாக, செட்டிங்ஸில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' பகுதியைத் திறந்து, குறையைச் சரிசெய்யும் சிறிய அப்டேட் இன்னொன்று பின்னாலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய அப்டேட்டில் ஓட்டை இருந்தால் நிறுவனங்கள் சில வாரங்களில் ஒட்டுப் போடுவது வழக்கம்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

மூன்று நாள் கழிந்தும் பெரியப்பாவின் கைப்பேசி தேறவில்லை. "எவ்வளவு வேகமாக இறங்குகிறது?" என்று கேட்டேன். "ரொம்ப" என்றார். இந்த 'ரொம்ப'வை வைத்துக்கொண்டு ஒரு வைத்தியமும் செய்ய முடியாது.

சொசைட்டியில் ஊற்றும் பாலுக்கு அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதன் கடைசிப் பக்கத்தில் கோடு போடச் சொன்னேன். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு; மூன்று வேளையும் எத்தனை சதவீதம், அதற்கு முன் என்ன செய்தார், எங்கே இருந்தார். இரண்டு நாளில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வீட்டில் இருந்த நேரத்தில் சாதாரணமாகத்தான் இறங்கியது. தோட்டத்தில் இருந்த நேரத்தில், கைப்பேசியைத் தொடாமலே, கொட்டியது. அந்த ஒரு வரி எனக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

நீங்களும் எழுதுங்கள். கூடவே ஒரு இரவுச் சோதனையும் செய்யுங்கள். படுக்கும்போது எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்டு, சார்ஜரில் மாட்டாமல் வைத்துவிடுங்கள். காலையில் பாருங்கள். இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் குறையாமல் இருந்தால் பேட்டரியும் அடிப்படை மென்பொருளும் ஏறக்குறைய நலம். குற்றவாளி நெட்வொர்க்கோ, நெட்வொர்க்கை நாடும் செயலியோதான். மறுநாள் இரவு ஏரோபிளேன் மோடு இல்லாமல் அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் தேட வேண்டிய கசிவு. முதல் இரவிலேயே பத்துப் பதினைந்து சதவீதம் போயிருந்தால் பேட்டரி தேய்ந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு செயலி தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிறது.

யார் தின்றது என்று பார்க்கும் பக்கம்

செட்டிங்ஸ், பேட்டரி, அதற்குள் 'பேட்டரி யூஸேஜ்'. கடைசியாகச் செலவான சார்ஜை எந்தச் செயலி எத்தனை சதவீதம் தின்றது என்ற பட்டியல் அங்கே இருக்கும். மாலையில், சார்ஜ் நன்றாக இறங்கிய பிறகு பாருங்கள். காலையில் சார்ஜர் கழற்றியவுடன் பார்த்தால் எதுவும் புரியாது.

பட்டியலைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதலிடத்தில் யூடியூப் இருப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடையத் தேவையில்லை. நீங்கள் மூன்று மணி நேரம் பார்த்திருந்தால் அது முதலிடத்தில் இருப்பதுதான் நியாயம். ஒவ்வொரு செயலியையும் தொட்டால், திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று பிரித்துக் காட்டும். நீங்கள் பத்து நிமிடம்கூடத் திறக்காத செயலி பின்னணியில் ஐந்து மணி நேரம் ஓடியிருந்தால், அதுதான் ஆள். ஐபோனிலும் பேட்டரி பக்கத்தில் செயலியைத் தொட்டால் இதே பிரிவினை கிடைக்கும்.

அப்படி ஒருவன் அகப்பட்டால் முதலில் அவனைப் புதுப்பியுங்கள். அடங்காவிட்டால் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்து, 'ஆப் இன்ஃபோ', அதில் பேட்டரி என்று போனால் மூன்று நிலைகள் தெரியும்: கட்டுப்பாடு இல்லாதது, இடைநிலை, கட்டுப்படுத்தப்பட்டது. கட்டுப்படுத்தப்பட்டது என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் திறக்காதவரை அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஷாப்பிங், விளையாட்டு, செய்திச் செயலிகளுக்கு இதைத் தயங்காமல் செய்யலாம். வாட்ஸ்அப், அலாரம், மருந்து நேரம் சொல்லும் செயலி, வங்கிச் செயலி ஆகியவற்றில் செய்யாதீர்கள். பிறகு காலையில் வந்த செய்தி மாலையில்தான் வந்து சேர்ந்தது என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும்; கைப்பேசி எழும்போதே தானும் எழுந்துகொள்ளும் செயலிகளின் பட்டியல் அது. எனக்குத் தெரிந்தவரை, அதில் தேவையானவை ஐந்தாறுக்கு மேல் இருப்பதில்லை.

பின்னணியில் ஓடுகிறது என்றதும் பலர் செய்யும் காரியம், அண்மைச் செயலிகளை எல்லாம் விரலால் மேலே தள்ளித் தள்ளி மூடுவது. மணிக்கு நான்கு முறை இதைச் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. முறத்தில் அரிசி புடைப்பவரைப் போல இருப்பார். இதனால் பயன் இல்லை. அங்கே தெரியும் செயலிகளில் பெரும்பாலானவை உறைந்த நிலையில் இருப்பவை. மூடிவிட்டு மறுபடி திறந்தால் அடுப்பை அணைத்துப் புதிதாகப் பற்றவைப்பது போல, கூடுதலாகத்தான் செலவாகும்.

மலையும் எல்லையும் தின்னும் சார்ஜ்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சென்னையில் இருப்பவருக்கு எழுதினால் இதை நான்கு வரியில் முடித்திருப்பேன்.

கைப்பேசி கோபுரத்தோடு பேசும்போது, கோபுரம் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசும்; தூரத்தில் இருந்தால், நடுவே மலை மறைத்தால், கத்திப் பேசும். கத்துவதற்குச் சார்ஜ் வேண்டும். கோபுரமே அகப்படாவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போதும், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் திரும்பும்போதும், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டு வழியிலும் சட்டைப் பையில் கைப்பேசி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். யாரும் அதைத் தொடவில்லை. அது தனியாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஓசூரில் வேறு விதம். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி வந்தால் கர்நாடகம். எல்லையில் குடியிருந்து தினமும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் கைப்பேசி இரண்டு மாநிலக் கோபுரங்களுக்கும் இடையே மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சிறு செலவு.

இதில் அப்டேட் எங்கே வருகிறது? அப்டேட்டோடு, கோபுரத்தோடு பேசும் பகுதியை இயக்கும் மென்பொருளும் மாறலாம். நெட்வொர்க் தேர்வு பழைய நிலையிலிருந்து நழுவி, 5ஜி தானியங்கி என்பதற்குப் போய்விடலாம். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. அப்போது பல கைப்பேசிகளில் 5ஜியைத் திறந்துவிட்டதே ஓர் அப்டேட்தான். ஐபோன்களுக்கு அது அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. 5ஜி நன்றாகக் கிடைக்கும் இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கோடு வருவதும் போவதுமாக இருக்கும் தோட்டத்தில், 5ஜியைப் பிடிப்பதும் விடுவதும் 4ஜிக்கு இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாகவே கைப்பேசியின் பகல் போய்விடும்.

செய்ய வேண்டியது எளிது. செட்டிங்ஸ், மொபைல் நெட்வொர்க், உங்கள் சிம், 'விருப்ப நெட்வொர்க் வகை'. அங்கே 5ஜி என்று தொடங்குவதை விட்டு 4ஜி அல்லது எல்டிஇ (4ஜிக்கே இன்னொரு பெயர்) என்று தொடங்கும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாள் நோட்டில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் இல்லாவிட்டால் பழையபடி மாற்றிவிடலாம், எதுவும் கெட்டுப்போகாது. யாரோ சொன்னார்கள் என்று 2ஜி மட்டும் என்று மாற்றிவிடாதீர்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்த சிம் பேச்சுமூச்சில்லாமல் போய்விடும்.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் பழைய எண்ணை விட மனமில்லாமல் இரண்டாவது துளையில் கிடக்கும் சிம்முக்காகவும் கைப்பேசி கோபுரம் தேடும். அதை செட்டிங்ஸிலேயே அணைத்து வைக்கலாம், கழற்ற வேண்டியதில்லை. கோபுரமே இல்லாத காட்டு வழியில் ஒரு மணி நேரம் போகப் போகிறீர்கள் என்று தெரிந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். அங்கே எப்படியும் அழைப்பு வராது.

பெரியப்பாவின் தோட்டம் ஒரு கரட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அப்டேட் சத்தமில்லாமல் திறந்துவிடும் கதவுகள்

புதிய பதிப்பு வரும்போது புதிய வசதிகளும் வரும். சில ஏற்கெனவே திறந்தே வரும். திரை அணைந்திருக்கும்போதும் மணி காட்டும் வசதி, கையில் எடுத்தாலே திரை எரியும் வசதி, பூட்டுத்திரையில் தினமும் புதிய படம் காட்டும் வசதி: வேண்டாதவற்றை அணையுங்கள். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பித்துக்கொள்கிறது என்பதைச் சொல்லும் 'ரெஃப்ரெஷ் ரேட்' 120 ஹெர்ட்ஸாக மாறியிருந்தால் 60க்கு இறக்கிப் பாருங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். வெளிச்சத்தைத் தானியங்கியில் வையுங்கள். வெயிலில் முழு வெளிச்சம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தும் குறைக்க மறப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

கருப்புத் திரையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அமோலெட் திரையாக இருந்தால் கருப்புப் புள்ளிகள் அணைந்தே இருக்கும். ஆகவே பயன் உண்டு. எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதில் கருப்பு வெறும் அழகுக்குத்தான்.

லொகேஷன் பகுதியில் 'வைஃபை ஸ்கேனிங்', 'புளூடூத் ஸ்கேனிங்' என்று இரண்டு உண்டு. வைஃபையை அணைத்து வைத்தாலும் இவை திறந்திருந்தால் தேடல் நடக்கும். கிராமத்தில் சுற்றிலும் வைஃபையே இல்லாத இடத்தில் எதைத் தேடப் போகிறது? அணைத்துவிடுங்கள்.

தொடக்கூடாத மருந்துகள்

பேட்டரியைக் காப்பாற்றும், வைரஸைத் துடைக்கும், வேகத்தை இரட்டிப்பாக்கும் என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நிறுவாதீர்கள். அவையும் பின்னணியில் ஓடும் செயலிகள்தாம். வயலுக்குக் காவல் வைத்த மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஆபத்தானது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு; தொட்டால் ஒரு செயலியை நிறுவும் கோப்பு அது. வண்டி அபராதம், அரசு உதவித்தொகை, கல்யாணப் பத்திரிகை, பேட்டரி அப்டேட் என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். உண்மையான அப்டேட் ஒருபோதும் வாட்ஸ்அப்பில் வராது. செட்டிங்ஸிலும் பிளே ஸ்டோரிலும்தான் வரும். அப்படி ஒன்றை ஏற்கெனவே நிறுவிவிட்டு, அதன் பிறகு சார்ஜ் கொட்டுகிறது, கைப்பேசி சுடுகிறது, குறுஞ்செய்தி வருவதில்லை என்றால் இது பேட்டரிப் பிரச்சினையே அல்ல. டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறு கைப்பேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்பக் கொண்டுபோகிறேன் என்று யாராவது கணினியைத் திறந்தால், உங்கள் கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலையில் உள்ளிருக்கும் எல்லாம் அழியும், பல மாடல்களில் முடியவும் முடியாது, பாதுகாப்பு ஓட்டைகளும் திரும்பத் திறக்கும்.

பேட்டரிக்கு வயதாகிவிட்டதா?

இங்கேதான் அப்டேட்டின் மேல் வீண்பழி விழுகிறது. நான்கு வருடம் உழைத்த பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அப்டேட் வந்த வாரத்தில் கூடுதல் சுமை ஏறியதும் அந்தத் தளர்ச்சி வெளியே தெரியும். பனம்பழம் விழும் நேரத்தில் காக்கை உட்கார்ந்த கதைதான்.

கைப்பேசியில் இருப்பது லித்தியம்-அயன் பேட்டரி. போச்சம்பள்ளி வட்டாரத்தில் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களில் இருப்பதும் இதே இனம்தான். ஒவ்வொரு சார்ஜ் சுற்றிலும் இதன் கொள்ளளவு கொஞ்சம் தேயும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தாங்கும்படி வடிவமைத்ததாகவும், ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று என்றும் ஆப்பிள் சொல்கிறது. 5000 எம்ஏஎச் (கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்று பெட்டியில் போட்டு வந்த பேட்டரி 80 சதவீதத்துக்கு வந்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது 4000தான். திரையோ அதையும் 100 சதவீதம் என்றே காட்டும்.

வயதான பேட்டரியின் அறிகுறிகளை நோட்டிலேயே பிடித்துவிடலாம். 25 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைவது. சார்ஜரில் மாட்டியதும் சட்டென்று 30க்குத் தாவுவது. கேமராவைத் திறந்தால் சாய்வது. பேட்டரிக்குள் மின்சாரம் பாய்வதற்கான எதிர்ப்பு கூடிவிட்டதால், கனமான வேலை வந்தவுடன் மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது. இப்படித் தேய்ந்த பேட்டரியோடு ஐபோன்கள் திடீரென்று அணைவதைத் தடுக்க, 2017 தொடக்கத்தில் வந்த ஓர் அப்டேட் மூலம் ஆப்பிள் அவற்றின் வேகத்தைக் குறைத்தது. வெளிப்படையாகச் சொல்லாமல் செய்ததற்காக அந்த ஆண்டு டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் விலையையும் குறைத்தது. 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்ஸல் 4ஏ கைப்பேசிகளுக்கு அனுப்பிய அப்டேட்டோ, அவற்றில் ஒரு பகுதியின் பேட்டரிக் கொள்ளளவையே வேண்டுமென்றே குறைத்தது. ஆகவே அப்டேட் எப்போதும் நிரபராதி என்று நான் வாதாட மாட்டேன். உங்கள் மாடலின் பெயரைப் போட்டு, நிறுவனத்தின் தளத்தில் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை தேடுவது நல்லது. அப்படி இருந்தால் இலவச மாற்றும் கிடைக்கக்கூடும்.

ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் கொள்ளளவு எண்ணாகவே இருக்கும். சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' செயலியின் சோதனைப் பகுதி நல்லது, பலவீனம் என்று சொல்லும். மற்றவற்றில் சில காட்டும், சில காட்டா. நோட்டும் இரவுச் சோதனையும் போதும்.

மாற்றுவதென்றால் நிறுவனத்தின் சர்வீஸ் மையம் முதல் தேர்வு. அது தொலைவு என்று தருமபுரி நான்கு ரோட்டிலோ கிருஷ்ணகிரி கடைவீதியிலோ கொடுப்பதானால், மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த நிறுவனப் பேட்டரி, எத்தனை மாத உத்தரவாதம், பில் கிடைக்குமா. பேட்டரியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம். கடையிலேயே உட்கார்ந்து வேலையை முடித்து வாங்குங்கள். திரைப்பூட்டு எண்ணைக் கேட்டால் எழுதிக் கொடுக்காமல் நீங்களே திறந்து காட்டுங்கள். பேட்டரி மாற்ற யாருக்கும் உங்கள் யுபிஐ பின் தேவையில்லை.

புதியதைக் காப்பாற்ற ஒன்றைச் சொல்கிறேன்: வெயில். சித்திரை வைகாசியில் டிராக்டரின் முன்பலகையில், பைக்கின் கைப்பிடியில், வரப்பின் மேல் கைப்பேசியை வைக்காதீர்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகவே குறையலாம். வெயிலில் நின்ற பைக்கில் மேப்பும் ஓடி சார்ஜரும் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். 20க்குக் கீழே விடாமல், 80க்கு மேல் நாள்தோறும் ஏற்றாமல் இருந்தால் ஆயுள் கூடும். 80இல் நிறுத்திவிடும் வசதி இப்போது பல கைப்பேசிகளிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை பூஜ்யம்வரை இறக்கி ஏற்ற வேண்டும் என்பது பழைய இனப் பேட்டரிகளின் சாஸ்திரம், மறந்துவிடுங்கள்.

எதுவுமே சரிப்படாவிட்டால்

பேட்டரி நல்லது, நெட்வொர்க்கும் சரி, எந்தச் செயலியும் அகப்படவில்லை, இரண்டு வாரமாகியும் கொட்டுகிறது என்றால், உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கும் ஃபேக்டரி ரீசெட் ஒன்றுதான் மிச்சம். வீட்டைக் காலி செய்து வெள்ளையடிப்பது போல.

அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் கூகுள் கணக்கில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்புக்குள் போய்த் தனியாக பேக்அப் எடுங்கள். முக்கியமாக, கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரிகிறதா என்று இன்னொரு கருவியில் நுழைந்து பாருங்கள். ரீசெட் முடிந்ததும் கைப்பேசி பழைய கணக்கைக் கேட்டு வழிமறிக்கலாம். மகன் பெங்களூரில் இருந்து எப்போதோ போட்டுக்கொடுத்த கணக்காக இருந்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். யுபிஐ செயலிகளில் மறுபடி பதிவு செய்ய, வங்கியில் கொடுத்த எண்ணுள்ள சிம் அதே கைப்பேசியில் இருக்க வேண்டும், குறுஞ்செய்தி அனுப்ப இருப்பும் இருக்க வேண்டும். ரீசெட்டுக்குப் பிறகும் இரண்டு நாள் சார்ஜ் வேகமாகத்தான் இறங்கும். சாமான் அடுக்குகிறதல்லவா?

பெரியப்பா விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. 4ஜிக்கு மாற்றி, ரீசார்ஜ் செய்யாத இரண்டாவது சிம்மை அணைத்ததும் மாலை ஏழு மணிவரை தாங்கியது. பேட்டரிக்கும் வயதாகியிருந்தது, அடுத்த அறுவடைப் பணம் வந்ததும் மாற்றினார். இப்போது இரவு படுக்கும்போது ஐம்பது சதவீதம் இருக்கிறது. ஆனாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வேளையும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. போன வாரம் பார்த்தேன். பக்கத்திலேயே பெரியம்மாவின் கைப்பேசிக்கும் ஒரு பத்தி கோடு போட்டிருந்தார்.